திருப்பிச் சொல்லச் சொன்ன டாக்டர்

ஆந்திர எல்லையில், குடிபாலா பக்கம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த அந்த டாக்டர் தெலுங்குக்காரர். நோயாளிகளிடம் கற்ற எங்கள் ஊர்த் தமிழிலேயே பேசுவார். ஒல்லியான உடம்பு, தூக்கம் போதாத கண்கள். எதை விளக்கினாலும், "நான் சொன்னத இப்ப நீங்க சொல்லுங்க" என்பார். நோயாளி சரியாகச் சொல்லும்வரை விடமாட்டார்.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று எங்களிடம் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நைனாவிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டாள் அம்மா.

நைனாவால் வலி தாங்க முடியாமல் போகவே இந்த டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

"சார், எனக்கு இன்னா நோவுன்னு எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேன்றாங்க" என்றார் நைனா.

அம்மா பின்னாலிருந்து வேண்டாமென்று தலையசைத்தாள். டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை நைனாவின் அருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். அன்று மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. நைனாவே சொன்னார்.

"ஈரல்ல கேன்சரு. இனிமே கொணமாவாது. மாத்திர துன்னா வலி கொறையும். சரியா சார்?"

"சரிதாங்க" என்றவர், வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே நைனா, பல வருஷமாகப் பேச்சில்லாத தங்கையைப் பார்க்கத் தடாவுக்குப் போனார். அந்த மாதமே இறந்தார்.

"அந்தாளு சொல்லாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு" என்று அம்மா இன்றும் அழுகிறாள். அத்தையோ, அந்த டாக்டர் நன்றாக இருக்கவேண்டும் என்கிறாள். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.