பின்னால் இருந்த மிஷினும் தெரிய வேண்டும்

ஷம்ஷாத் அக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

போன் வந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் இல்லை... செருப்பு. இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப் வாசலில் குனிந்து, இடது கையால் வாரைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். வலது கையில் கட்டு.

குரூப்பில் யாரோ “சாந்தமான பெண்மணி” என்று போட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. அவர் சாந்தம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஓசூரில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் கழுவி, வெட்டி, கவரில் போடும் வேலை. யாராவது பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அன்று ஆயுத பூஜை. மத்திகிரி ரோட்டில் இருந்த அந்த பிரஸ் ஷாப்பில், தொழிலாளிகளை அவரவர் மிஷின் முன்னால் நிறுத்தி போட்டோ எடுப்பது வருஷா வருஷம் நடக்கும். எங்கள் ஓனர் கேமராவோடு, நான் பையோடு.

அக்காவின் இரண்டு விரல்களை அங்கிருந்த ஒரு பிரஸ் மூன்று வாரம் முன்பு எடுத்திருந்தது. கையைக் காக்கும் கார்டு அதில் இல்லை. கம்பெனியோ, வீட்டு கிரைண்டரில் மாட்டிக்கொண்டாள் என்று எழுதிவிட்டது. வேலையும் போயிற்று.

“நீதான் இங்க இல்லியேம்மா, எதுக்கு வந்த?” என்றார் சூப்பர்வைசர்.

“பொரி வாங்க வந்தேன் சார். பூஜை நாள்ல வந்தவங்கள வெளிய போன்னு சொல்வீங்களா?”

நேராகப் போய் அந்த மிஷின் முன்னால் நின்றார். அதற்கு மாலை போட்டிருந்தார்கள்... கார்டு மட்டும் இன்னும் போடவில்லை. அக்கா கட்டைப் பிரித்துக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினார்.

“கை மட்டும் விழுந்தா பத்தாதுண்ணா. பின்னால இந்த மிஷினு, அதோட நம்பரு, தொறந்த வாயி... எல்லாம் ஒரே படத்துல வரணும்.”

“அதெல்லாம் வரும், நில்லும்மா” என்று ஓனர் பெரிய பிலிம் கேமராவில் எடுத்தார்.

வராது என்று எனக்குத் தெரியும். தினமும் பிரிண்ட் வெட்டுகிறவள் நான். அதே தூரத்தில், அதே அளவுக்கு ஆள் இருந்தாலும் பெரிய பிலிமில் ஆள் மட்டும்தான் நிற்பார், பின்னால் இருப்பது கரைந்துவிடும். சின்ன பிலிமுக்கு லென்ஸும் குட்டை... ஆளுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் தேதிகூடப் படிக்கலாம்.

இன்று உங்கள் போனில் முன்னால் பின்னால் எல்லாமே பளிச்சென்று விழுகிறதே, அதே விஷயம்தான். உள்ளே இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு.

“அண்ணா... சின்ன கேமராவுல ஒண்ணு...”

“பாருங்கப்பா, எட்டாவது எனக்கு போட்டோ சொல்லித் தருது!”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கையை இறக்கவும் இல்லை.

“நீ எடு பாப்பா. நான் நிக்கிறேன்.”

பையைத் திறந்து சின்ன கேமராவை எடுத்தேன். ஒரே ஒரு கிளிக்.

அக்கா நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவின் விசாரணைக்கு, ஓனரும் நானும் அவரோடு கிருஷ்ணகிரி போனோம். ஓனர் எடுத்த படத்தில் கை அருமையாக இருந்தது. பின்னால் வெறும் சாம்பல் மேகம். “இது எந்த மிஷின்னு எப்படி சார் சொல்றது? மாட்டு வண்டியாக்கூட இருக்கலாம்” என்று கம்பெனி ஆள் சிரித்தார்.

அக்கா அடுத்த படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். விரல் போன கை, மாலை, நம்பர் தகடு, கார்டு இல்லாத வாய்...

அதிகாரி நிமிர்ந்தார். “இத எடுத்தது யாரு?”

“கம்பெனி ஆர்டர் போச்சுன்னா உனக்கும் வேலை இல்ல. பேசாம உக்காரு” என்றார் ஓனர், என் காதருகே.

எழுந்து நின்று, “நான்தான் சார்” என்றேன்.

பஸ் ஏறிவிட்டேன் அக்கா. உங்களைத் தூக்குவதற்குள் வந்துவிடுவேன்.