ஊமையண்ணனின் ஹாரன்

எங்கள் டிப்போவில் வாய் ஓயாத மனிதர் என்றால் அது நான் கண்டக்டராக இருக்கும் பஸ்ஸின் டிரைவர்தான். கையில் ஒரு டம்ளர் டீ கிடைத்தால் போதும், டயர் தேய்மானத்தில் ஆரம்பித்து மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் போய்விட்டுத்தான் நிறுத்துவார். அப்பேர்ப்பட்டவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் ஊமையண்ணன். அவர்களுக்கு அவர் வாயைப் பற்றி என்ன தெரியும்? ஹாரனைப் பற்றித்தான் தெரியும். அண்ணன் ஹாரன் அடிக்க மாட்டார். நாய் குறுக்கே ஓடினால்கூட அவர் கால் பிரேக்கைத் தேடுமே தவிர, கை ஹாரன் பக்கம் போகாது.

இதற்காகப் பயணிகளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதிலும் அந்தப் பாலத்தில்.

எங்கள் வழியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. இந்தப் பக்கம் மேடு, அந்தப் பக்கம் சரிவு, சரிவின் அடியில் துணி மில். காலை ஷிப்டுக்குப் போகிற மில் ஆட்கள் மொத்தப் பேரும் சைக்கிள்தான். லாரிக்காரர்கள் ஏர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடியே மேட்டில் ஏறுவார்கள். சைக்கிள்காரர்கள் அசைய மாட்டார்கள். நாள் முழுக்கக் காதில் விழுகிற சத்தத்துக்கு யார் மரியாதை கொடுப்பது? உன் அவசரம் உனக்கு என்று அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே மிதிப்பார்கள்.

எங்கள் வண்டியின் கதை வேறு. அண்ணன் கடைசி சைக்கிளுக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு, கியரைக் குறைத்து, மெதுவாகக் கூடவே ஏறுவார். உச்சியில் பாலம் கொஞ்சம் அகலமாகும். அங்கே வந்ததும் யாரும் கேட்காமலே சைக்கிள்கள் ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாய் ஒதுங்கும். கடைசியாக வருபவர் கையை முன்னால் வீசி, போங்க என்பார். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை உயர்த்திவிட்டுக் கடந்துபோவார். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்தது.

ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அவர்களுக்கு எங்கள் எஞ்சின் தெரியும். தகர டிரம்மில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். அண்ணனுக்கோ அவர்களுடைய முதுகுகள் தெரியும்.

"நீலச்சட்டையைக் காணோமே தங்கச்சி, உடம்பு சரியில்லையோ?" என்பார். ஹேண்டிலில் சிவப்புப் பை மாட்டிக்கொண்டு வரும் ஒரு அம்மாள் பின்தங்கினால், "சிவப்புப் பைக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது" என்று கியரை இன்னும் குறைப்பார். பின் சீட்டிலிருந்து ஆட்கள் கத்துவார்கள். அண்ணனுக்குக் காது கேட்காது.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். சைக்கிள் கேரியரில் ஜன்னல் கண்ணாடிகளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுப்பார். ஒருநாள் பின்னால் வந்த கார் காதோரம் ஹாரன் அடித்தது. பதறிப்போய் ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டியதில் கண்ணாடியோடு சரிந்தார். முன்கையில் நீளமாகத் தழும்பு இருக்கிறது. கியர் மாற்றும்போதெல்லாம் என் கண்ணில் படும்.

"கார்க்காரன் என்னை இடிக்கவே இல்ல தங்கச்சி. நல்ல மனுஷன், இறங்கி வந்து தூக்கிக்கூட விட்டான். ஹாரன்ல 'நான் வர்றேன்'னு சொன்னான், அவ்வளவுதான். அதுக்கே இந்தக் கதி."

இதெல்லாம் வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிற டைம் கீப்பரின் காதில் ஏறுமா? ஒருநாள் டிப்போ வாசலில் எல்லார் முன்னாலும் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பாலத்துல என்ன ஊர்வலமா போறீங்க? ஹாரன் அடிச்சு விலக்கிட்டு வாங்கய்யா. நாளைக்கும் லேட்டா வந்தா ஸ்டியரிங்கை மறந்துடுங்க. ஒர்க்‌ஷாப்ல டயர் கழட்டலாம்."

அண்ணன் வெளியே வந்து தன் சைக்கிளின் பூட்டைத் திறந்தார். டிப்போவுக்கு இன்றைக்கும் அவர் சைக்கிளில்தான் வருகிறார்.

"எனக்கு இந்த சீட்டை விட்டா வேற என்ன தெரியும் தங்கச்சி?"

"அப்போ நாளைக்கு ஒரு தடவை அடிச்சுத் தொலைங்களேன் அண்ணே. யாரு கேக்கப் போறா?"

"பாக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை பாலம் ஏறும்போது எனக்கு டிக்கெட் கிழிக்கக் கை ஓடவில்லை. அண்ணன் அடிக்கவில்லை. உச்சியில் சைக்கிள்கள் ஒதுங்கின, கை வீசினார்கள், இவரும் கையை உயர்த்தினார். சரி, சீட்டு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சரிவில் முன்னால் போன கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது ஹாரன் அடித்தது.

நீளமாக, விடாமல் அடித்தது. அது எங்கள் வண்டியின் சத்தம் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. நான்தான் அதைக் கேட்டதே இல்லையே. டைம் கீப்பர் ஜெயித்துவிட்டார், மனிதர் சீட்டுக்காக வளைந்துகொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது, கசப்பாகவும் இருந்தது. திட்டலாம் என்று முன்னால் போனேன். அண்ணனின் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பெடல் தரை வரைக்கும் போய் அங்கேயே கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கருகிய வாசனை வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை.

கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தேன்.

சரிவில் இருந்த அத்தனை சைக்கிளும் ஒரே நேரத்தில் ஒதுங்கின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. சிலர் சைக்கிளோடு கைப்பிடிச் சுவரில் போய்ச் சாய்ந்தார்கள். சிலர் வண்டியைப் போட்டுவிட்டுக் குதித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே விழுந்தார். நடுவில் ரோடு எங்களுக்காகத் திறந்து கிடந்தது. அதன் வழியாக நாங்கள் போனோம். வண்டிக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

கீழே சமதரையில் அண்ணன் கியரைக் குறைத்துக் குறைத்து, மில் சுவரில் பக்கவாட்டை உரசி, ஒருவழியாக நிறுத்தினார். பயணிகள் அலறியடித்து இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"அடியில ஏதோ மாட்டுச்சு தங்கச்சி. நீ போய்ப் பாரு. என்னால முடியாது."

நான் சரிவில் ஏறி நடந்தேன். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி மனிதர்கள் நின்றிருந்தார்கள். ரோட்டின் நடுவே ஒரு சைக்கிள் அப்பளமாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பை.

"இங்க இருக்கேன்மா" என்று ஓரத்திலிருந்து குரல் வந்தது. அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சைக்கிள்தான் போச்சு, எனக்கு ஒண்ணுமில்ல. அதை விடு, டிரைவருக்கு என்ன ஆச்சு? நெஞ்சு வலியா?"

நான் பையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "பிரேக் போயிடுச்சுக்கா. ஆமா, லாரி அடிச்சா நீங்க யாரும் அசைய மாட்டீங்களே?"

"அது லாரி. இந்த வண்டியோட எஞ்சின் சத்தம் எங்களுக்குத் தெரியும், இது அடிக்காதேம்மா. அடிக்குதுன்னா உயிர் போற விஷயம்னு தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். தினமும் அவருக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற நான் தப்பாக நினைத்தேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு போனவர்கள், ஒரே சத்தத்தில் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி பஸ்வரைக்கும் வந்தாள். அண்ணன் முதலில் பையைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அன்றைக்கு ஒருநாள்தான் அவர் தன் பெயருக்கு ஏற்ற ஆளாக இருந்தார்.

ஒர்க்‌ஷாப் ஆட்களோடு டைம் கீப்பரும் வந்தார். குனிந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து, சரிவில் நின்ற கூட்டத்தை வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கு வேற வண்டி தர்றேன், எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார்.

மறுநாள் சிவப்புப் பை அக்கா சைக்கிள் இல்லாததால் எங்கள் வண்டியில் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். மேட்டில் சைக்கிள்களுக்குப் பின்னால் நாங்கள் வழக்கம்போல ஊர்ந்துகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒருவர், "யோவ், ஹாரன் என்ன அழகுக்கா வச்சிருக்கு? அடிய்யா!" என்று கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து திரும்பி நின்றாள்.

"இவரு அடிச்சா அத்தனை பேரும் குதிச்சிடுவாங்க. சும்மா உக்காருங்க."

கத்தியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கும் நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.