புதன்கிழமை சாப்பாட்டுக்கு வந்த சாந்தினி

சாந்தினி பட்டினி கிடந்து இறக்கவில்லை. அப்படி இறந்தார் என்ற கதை மரண வீட்டிலேயே தொடங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் சுகம் சொல்லிக்கொடுத்தவ, டயட் டயட் என்று வயிற்றைக் காயப்போட்டே போய்ச் சேர்ந்தா" என்று ஒருவர் சொல்ல, அடுத்த கதிரையில் இருந்தவர் தலையாட்டினார். நான் அங்கேயே திருத்தினேன். அது போதவில்லை என்று தெரிவதால் இப்போது எழுத்தில் திருத்துகிறேன். அவர் இறந்தது இதய நோயால். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்திருந்தது. அந்த இதயத்தோடுதான் புசல்லாவையில் வளர்ந்தார், கண்டியில் வங்கி வேலை பார்த்தார், அதை விட்டுவிட்டுப் படித்துச் சுகவாழ்வுப் பயிற்சியாளர் ஆனார். அவருடைய தம்பியின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். மற்றபடி, என் மேசையில் இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூச்சப்படாத ஒரே ஆள் சாந்தினிதான்.

செய்தி வந்தபோது மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அன்று புதன்கிழமை. சாந்தினியிடம் என்னோடு பயின்ற சுலைகா திகனவிலிருந்து தொலைபேசியில் அழுதார். "மிஸ், சாந்தினி மௌத்தாகிட்டாவாம். ராவு தூக்கத்துலயாம்." மத்தியானம் எங்கள் குழு முழுவதும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. அந்தப் புதன்கிழமைச் சாப்பாட்டை ஏற்படுத்தியவரே சாந்தினி. அது எப்படி வந்தது என்று சொன்னால், அவர் எப்படி வேலை செய்தார் என்பது விளங்கும்.

அவரை எனக்கு அனுப்பியது மெல்பேர்னில் இருக்கும் என் மகள். பிறந்தநாள் பரிசாம். மற்றவர்களின் பிள்ளைகள் சால்வை அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் எனக்கு அடிக்கடி தலை சுற்றியது. ஒருமுறை விழுந்தும் இருந்தேன். இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்த்தாயிற்று. குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஹந்தானைப் பக்கத்தில் மேட்டில் இருக்கும் என் வீட்டுக்குச் சாந்தினி மூச்சு வாங்கியபடி ஏறி வந்து, தண்ணீர் கேட்டார். எடுத்து வரும்வரை காத்திருக்காமல் என் பின்னாலேயே குசினிக்குள் வந்துவிட்டார். என் வீட்டில் விருந்தினர் குசினிக்குள் வருவதில்லை.

"மேடம், மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"வழமையான சாப்பாடுதான்."

"வழமைன்னா?"

"சோறும் கறியும்."

"அப்படியா? தேங்காய்த் திருவலைப் பல்லுல சிலந்தி வலை கட்டியிருக்கே, அது என்ன கறிங்க?"

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். வாசலைக் காட்டியிருப்பேன். ஆனால் அத்தனை பேர் என்னைச் சோதித்தும், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். என் கணவர் காலமான பிறகு, ஒரு ஆளுக்காக மேசை விரிப்பு விரிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நின்றபடியே கிறீம் கிறக்கர் பிஸ்கட்டும் பிளேன் டீயும்தான். "எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை" என்று சொல்லி வைத்தேன்.

"துக்கம்னு நான் சொல்லலையே மேடம். பசின்னுதானே சொல்றேன்."

அட்டவணை எதுவும் தரவில்லை. எடை பார்க்கவில்லை. "வர்ற புதன்கிழமை நான் சாப்பிட வர்றேன். உப்பு மட்டும் கொறைச்சுப் போடுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அழையாமல் வரும் விருந்தாளிக்கும் மேசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது நான் கொன்வென்ற்றில் கற்றது. விரிப்பு விரித்தேன், கை துடைக்கும் துணிகளை மடித்தேன், முள்ளும் கரண்டியும் வைத்தேன். சாந்தினி அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, முருங்கையிலை வறையைச் சோற்றோடு கையால் பிசைந்து சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

பிறகு சுலைகாவை அழைத்து வந்தார். சுலைகாவின் உடல் வருத்தம் என்னுடையதற்கு நேர் எதிரானது. பெரிய குடும்பம். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டிகளில் மிஞ்சியதையெல்லாம் அடுப்படியில் நின்றபடி வழித்துச் சாப்பிடுவார். சீனி ஏறியிருந்தது. தனியாக இருந்ததால் நான் உட்காரவில்லை, தனிமையே கிடைக்காததால் அவர் உட்காரவில்லை. எங்கள் இருவருக்கும் சாந்தினி சொன்னது ஒன்றுதான்: "மொதல்ல உக்காந்து சாப்பிடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

மேலும் சிலர் மேசையில் சேர்ந்தபின், ஒரு புதன்கிழமை சுலைகா ஒரு சட்டியைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். என்னவென்று கேட்டதற்குக் கஞ்சி என்றார். சாந்தினி துணியைத் தூக்கிப் பார்த்தார். அது இனிப்பான வட்டிலப்பம். "சுலைகா தாத்தா, ஒங்க ஊர்க் கஞ்சியில முந்திரிப்பருப்பெல்லாம் இருக்குமா?" திகனவில் தாத்தா என்றால் அக்கா. "அல்லாவே, இது என்ன கண்ணு!" என்று சுலைகா தலையில் கை வைத்தார். ஆளுக்கொரு கரண்டிதான் கிடைத்தது. அதற்குக் கூலியாகச் சாந்தினி வெயிலில் குடையோடு மேட்டு வீதியில் எங்களை நடத்தினார். பாதியில் அவரே மதகில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க. பயிற்சியாளருன்னா ஓடணும்னு சட்டம் இல்ல." அந்த நடை முடியும்போது நாங்கள் வெற்றி பெற்றவர்கள்போல அவரைக் கடந்து வந்தோம். அவரும் அதைத்தான் விரும்பினார் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தப் புதன்கிழமை மேசைதான் இல்லாமல் போகப் பார்க்கிறது. மரண வீட்டுப் பேச்சு வீடு வீடாகப் போய்விட்டது. "மகன் போக வேணாம் என்டு செல்றார், மிஸ். அந்த டயட் பழக்கத்தாலதான் அவ போனா என்டு செல்றார்" என்றார் சுலைகா. மற்றவர்களுக்குத் திடீரென்று கலியாணங்களும் முழங்கால் வலியும் வந்திருக்கின்றன. சென்ற இரண்டு புதன்கிழமைகளும் விரிப்பு விரித்து, கதிரையில் உட்கார்ந்து, நான் மட்டும் சாப்பிட்டேன். தலை சுற்றவில்லை. ஆனாலும் சோறு மிஞ்சியது. சாந்தினியிடமிருந்து எனக்குக் கிடைத்து, நான் விடாமல் வைத்திருக்கப்போவது இந்த ஒரு வேளைச் சாப்பாடு. தனியாகவும் அதை வைத்திருக்க முடியும். ஆனால் அவர் அதை அப்படித் தரவில்லை.

ஆகவே, சாந்தினியிடம் பயின்ற எல்லாருக்கும்: அடுத்த புதன்கிழமை மத்தியானம் என் வீட்டில் மீன் குழம்பு, பருப்பு, வறை. உப்பு குறைவாகவே இருக்கும். தொலைபேசியில் எல்லாரும் "பார்ப்போம்" என்கிறீர்கள். அது பதிலாகாது. வருகிறீர்களா, இல்லையா என்பதையும், எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பதையும் திங்கட்கிழமைக்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள்.