சுடோக்குக் கொப்பியும் பன்னிரண்டு மணிக் குளிசையும்

என் கணவருக்கு வந்த நோய் முதலில் வலியாக வரவில்லை. ஒரே வரிசையில் இரண்டு ஏழு எழுதியிருந்தார். அதுதான் முதல் அறிகுறி.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. அவர் பெயர் தயாபரன், ஊர் யாழ்ப்பாணம். கண்டியில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தார். நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கட்டுகஸ்தோட்டையில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் பத்திரிகையிலிருந்து சுடோக்குக் கட்டத்தை வெட்டி, கொப்பியில் ஒட்டி, திகதி போட்டு, பென்சிலால் தீர்ப்பது அவருடைய பழக்கம். சனி, ஞாயிறு வரும் கடினமான கட்டங்களுக்காகவே மற்ற ஐந்து நாட்களையும் கடத்துவார்.

"ஊகிச்சுப் போடக் கூடாது, சரோ. ஒரு இலக்கம் போட்டா, அது ஏன் அங்க வருது எண்டு காரணம் சொல்ல வேணும்" என்பார்.

அன்று தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனபோது அந்த இரண்டு ஏழுகளையும் கண்டேன். ஒரு வரிசையில் ஓர் இலக்கம் ஒரு முறைதான் வரலாம் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும்.

"என்னங்க, இதுல ரெண்டு ஏழு இருக்கே?"

"எங்க?"

விரல் வைத்துக் காட்டினேன். பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. "ஓம், ஓம்" என்று கொப்பியை மூடிவிட்டார்.

தவறு செய்ததை விட, காட்டிய பிறகும் அதைக் காணாததுதான் பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வன்னியில் இருந்த அவருடைய அண்ணனிடமிருந்து மாதக் கணக்கில் தகவல் இல்லை. அந்தக் கவலைதான் என்று நினைத்தேன். அந்த நாட்களில் எங்களில் யார்தான் எதையும் மறக்காமல் இருந்தோம்?

சில வாரங்களில் தலையிடி வந்தது. பிறகு கோபம் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றிலும் அக்கறை இல்லாமல் போனது. அவர் வேலைக்குப் போன பின் நான் கொப்பியை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். கடைசிப் பக்கங்களில் தன் முறைகளைப் படவரைஞரின் ஒழுங்கான எழுத்தில் குறித்து வைத்திருந்தார்.

எளிதானது சோடி. ஒரு வரிசையில் இரண்டு பெட்டிகளுக்கு இரண்டும் ஆறும் மட்டுமே பொருந்தும் என்றால், அந்த இரண்டு இலக்கங்களையும் அவ்வரிசையின் மற்றப் பெட்டிகளிலிருந்து நீக்கிவிடலாம். அடுத்தது நாலு மூலை. இரண்டு வரிசைகளில், ஓர் இலக்கத்துக்கு ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு இடங்கள்தான் மீதி இருந்து, அவை ஒரே இரண்டு நிரல்களில் அமைந்தால், அந்த நிரல்களில் வேறெங்கும் அந்த இலக்கம் வராது. மிகக் கடினமானதற்கு அவர் வைத்த பெயர் இரு வழி. ஒரு பெட்டியில் மூன்று அல்லது எட்டு. மூன்று என்று வைத்துக் கடைசி வரை போய்ப் பார்க்க வேண்டும், பிறகு எட்டு என்று வைத்தும் போக வேண்டும். இரண்டு வழியும் வேறொரு பெட்டியில் ஒரே இலக்கத்தில் முடிந்தால் அந்த இலக்கம் உறுதி.

இவற்றைப் புரிந்துகொண்ட பிறகு கொப்பியை முதலிலிருந்து புரட்டினேன். பயம் வந்தது அப்போதுதான். ஆறு மாதங்களுக்கு முன்பே இரு வழி நின்றுவிட்டது. அதற்குப் பின் இரண்டு மாதத்தில் நாலு மூலை இல்லை. கடைசி மாதத்தில் சோடியைக்கூட அவர் கவனிக்கவில்லை. பெட்டிகளில் வெறும் இலக்கங்கள் நிரம்பியிருந்தன. எதற்கும் காரணம் இல்லை.

அந்த வாரமே அலுவலகத்தில் வலிப்பு வந்து விழுந்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் எங்களிடம் ஆங்கிலத்திலும் கொஞ்சம் தமிழிலும் பேசினார். மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வளரும் கட்டி) என்றார். இடது முன்பக்கத்தில், எலுமிச்சங்காய் அளவில் இருந்தது. எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். நான் கொப்பியைக் கொடுத்தேன். நெடுநேரம் புரட்டினார்.

"இவ்வளவு தெளிவா யாரும் எனக்குக் காட்டினதில்லை" என்றார். பிறகு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார்.

வலிப்புக்குக் குளிசை எழுதினார். மூன்று வேளை. பகல் வேளை பன்னிரண்டு மணிக்கு, நேரம் தவறக் கூடாது. ஒபரேஷனுக்கு முன் இன்னொரு ஸ்கேனுக்காகக் கொழும்புக்குப் போகச் சொன்னார்.

மடவளையைச் சேர்ந்த நசீர் நாநாவின் (நாநா என்றால் அண்ணன்) வேனில் காலையில் புறப்பட்டோம். கொப்பியை விட்டுவர என் கணவர் சம்மதிக்கவில்லை. மடியில் வைத்திருந்தார். அதற்குள் அவருக்குச் சொற்கள் மாறத் தொடங்கியிருந்தன. தண்ணீர் கேட்க நினைத்து வேறேதோ கேட்பார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். இராணுவச் சிப்பாய் பெயரைக் கேட்டான். அவர் அவனை நேராகப் பார்த்து, "கதிரை" என்றார். மறுபடி கேட்டான். "கதிரை" என்றார் மறுபடியும். பெயருக்குப் பதில் நாற்காலிக்கு உரிய சொல்தான் அவர் வாயில் வந்தது. பிறகு அவன் கொப்பியைத் திறந்தான். பக்கம் பக்கமாகக் கட்டங்கள், ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் பென்சிலால் பொடிப் பொடியாக இலக்கங்கள்.

அரை மணி நேரத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருந்தோம். பைகளை வாங்கிக்கொண்டார்கள். நசீர் நாநாவை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"நோயாளி சேர், சும்மா பத்திரிகைக் கணக்கு சேர்" என்று அவர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது உள்ளே கேட்டது.

பொறுப்பதிகாரி கத்தவில்லை. மேசையிலிருந்த சிங்களப் பத்திரிகையை எடுத்து, அன்றைய சுடோக்குவை என் கணவர் முன் வைத்தார். பென்சிலும் கொடுத்தார். என் கணவர் முதல் பெட்டியில் ஐந்து என்று எழுதினார். அடுத்ததிலும் ஐந்து. அந்த வரிசை முடியும் வரை ஐந்து எழுதினார்.

"கொப்பி இவருடையது என்றால் இவருக்கு ஏன் தெரியவில்லை?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"அதுதான் சேர் இவருக்கு வந்திருக்கிற வருத்தம்" என்றேன். டொக்டரின் கடிதம் பைக்குள் இருந்தது. பை வேறு அறையில் இருந்தது. ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். யாரும் போகவில்லை.

"அப்படியானால் நீ செய்து காட்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்."

என் கணவரைப் பின்னறை வாங்கில் உட்கார வைத்தார்கள். நான் பென்சிலை எடுத்தேன். ஓர் இலக்கம் பிழைத்தால் கொப்பி முழுவதும் சங்கேதமாகிவிடும் என்று தெரிந்தது. எளிய பெட்டிகள் பத்து, பன்னிரண்டு நிரம்பின. பிறகு கட்டம் அடைத்துக்கொண்டது. மூலைகளில் சிறிய இலக்கங்களைக் குறித்தேன். அதிகாரி கொப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒரு சோடி கிடைத்தது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி அடைத்தது. நீண்ட நேரத்துக்குப் பிறகு நான்கு எனும் இலக்கம் இரண்டு வரிசைகளில் ஒரே இரண்டு நிரல்களில் நிற்பதைக் கண்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் நாலு மூலை. விரல் வைத்து அதை விளக்கினேன். அதிகாரி குனிந்து பார்த்தார். "ஹரி" என்றார். சரி என்று அர்த்தம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான் எங்கிருக்கிறேன் என்பதையே மறந்திருந்தேன்.

அப்போதுதான் பின்னறையில் வாங்கு கவிழும் சத்தம் கேட்டது. சுவரில் மணி ஒன்று நாற்பது. குளிசை பைக்குள்.

வலிப்பு நிற்கவில்லை. நசீர் நாநா உள்ளே ஓடி வந்து அவரைத் தோளில் தூக்கி வேனில் கிடத்தினார். யாரும் தடுக்கவில்லை. "ஓதிக்கிட்டே இருங்க தங்கச்சி, உங்க சாமிகிட்ட சொல்லிக்கிட்டே இருங்க" என்றபடி ஓட்டினார். அருகிலிருந்த ஆஸ்பத்திரி சேரும்போது அவருக்கு நினைவு இல்லை. மூளையில் வீக்கம் என்று அன்றே கண்டிக்குத் திருப்பினார்கள். ஸ்கேன் எடுக்காமலே, இருந்த படங்களை வைத்துத் தலையைத் திறந்தார்கள்.

கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டது. ஆபத்தான வகை அல்ல. ஆனால் அவர் கண் விழித்தபோது வலது கை இல்லாதது போல் கிடந்தது. பேச்சும் இல்லை. அஃபேசியா (மூளைப் பாதிப்பால் சொற்களை இழத்தல்) என்று டொக்டர் சொன்னார்.

"அந்த ஒரு குளிசையாலயா, டொக்டர்?" என்று கேட்டேன்.

"கட்டியும் காரணம். வீக்கமும் காரணம். ஒரு குளிசையை மட்டும் சொல்ல ஏலாது" என்றார். மட்டும் என்ற சொல்லை நான் இன்னும் விடவில்லை.

கொப்பியைப் பொலிஸார் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் போகவில்லை. யுத்தம் முடிந்த நாளில் வீதியெங்கும் பட்டாசு வெடித்தது. அவர் கட்டிலில் இடது கையால் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டார். மற்றக் காதை நான் பொத்தினேன். அண்ணனைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்கச் சொல் இல்லையா, கேட்க விருப்பமில்லையா என்று எனக்குத் தெரியாது. அண்ணனைப் பற்றிய தகவல் இன்றுவரை இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், இரண்டு விஷயம் சொல்வேன். அவர் விரும்பிச் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். கடினமான பகுதிதான் முதலில் போகும். எளிதானது போகும்போது காலம் கடந்திருக்கும். இரண்டாவது, குளிசையைப் பையில் வைக்காதீர்கள். உங்கள் உடம்போடு வையுங்கள். வீட்டில் அவருக்கு எடுத்து வைத்தது போக, நான் இப்போது ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைக்கிறேன். பன்னிரண்டு மணியை நெருங்கினால் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் என் கை தானாக அந்த முடிச்சுக்குப் போகிறது. கடிகாரம் பார்ப்பதில்லை.

பேச்சுப் பயிற்சி தொடங்கி எட்டு மாதத்தில் அவருக்கு இலக்கங்கள் திரும்பின. ஆனால் தனியாக வருவதில்லை. வரிசையாக எண்ணினால்தான் வரும். மணி என்ன என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று தொடங்குவார். சரியான இலக்கம் வந்ததும் நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பார்க்க வருகிறவர்கள் அவசரப்பட்டு, "பதினொண்டா?" என்று எடுத்துக் கொடுப்பார்கள். உடனே அவர் நின்றுவிடுவார். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். அதனால் எங்கள் வீட்டில் யாரும் இப்போது எடுத்துக் கொடுப்பதில்லை. அவர் எண்ணி முடிக்கும் வரை காத்திருக்கிறோம்.