இரண்டாவது டிஸ்க்கில் இருந்த குரல்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவருக்கு வீட்டிலும் வாய் ஓயாது. "அங்க கத்தினது பத்தாதுன்னு இங்கயும் மைக்கைப் பிடிச்சுட்டீங்களா?" என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். முன்கூட்டியே குரலைப் பதிவு செய்துவைத்தால், பின்னால் அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அவர் குரலிலேயே பேசும் என்று மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னாள்.

படுக்கையறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்கப் பேசிப் பதிந்தார். "சாப்பிட்டியா?", "குழாயை மூடு", "சாவி எங்க?" வீட்டுப் பேச்சு ஒன்றையும் விடவில்லை. மடிக்கணினியில் இடம் பற்றாததால், சிடி போடும் இடத்தில் மச்சினன் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தியிருந்தான். எல்லாம் அதில்தான் சேர்ந்தது.

கழுத்தில் துளையோடு வீடு திரும்பியவர் மடிக்கணினியைத் திறந்தார். முதல் டிஸ்க் மட்டும் தெரிந்தது. அணைத்துப் போட்டார். அப்படியேதான். கணினி நிறுவனத்தின் உதவி மையத்துக்கு மனைவி போனில் பேசினாள். அவர்கள் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. இவர் காட்டிய சைகையும் பிடிபடவில்லை.

"எனக்குத் தலையும் புரியல வாலும் புரியலைங்க. தம்பியையே வரச் சொல்றேன்."

மச்சினன் வந்து, கணினி உயிர்பெறும்போதே வரும் அமைப்புத் திரையில் பார்த்தான். அங்கேயும் இரண்டாவது டிஸ்க் இல்லை.

"கனெக்டர் லூசா இருக்கும் மாமா. கவலைப்படாதீங்க."

திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கை உருவி, துடைத்து, அழுத்திச் செருகினான். வரவில்லை. முதல் டிஸ்க்கின் இடத்திலேயே மாட்டிப் பார்த்தான். அங்கும் வரவில்லை. கடைசியில் கேபிள் போட்டு வெளியே இணைத்து, காதோடு வைத்துக் கேட்டான். டக், டக் என்று அடித்துக்கொண்டது. பிறகு அதுவும் நின்றது.

அவன் முகம் செத்துப்போயிற்று. "வேற எங்கயாவது காப்பி போட்டு வச்சீங்களா மாமா?"

அவர் கையை விரித்தார்.

தரவு மீட்கும் நிலையத்துக்கு அனுப்பினார்கள். உள்ளே பதிவுகள் இருக்கும் தட்டே கீறிப்போய்விட்டது, ஒன்றும் தேறாது என்று பதில் வந்தது. மனைவியின் போனில் கிடந்த துண்டுதுக்காணிப் பேச்சு, அவர் குரலை உருவாக்கப் போதாது என்றாள் பயிற்சி தருபவள்.

கணினியோடு வந்த ஆயத்தக் குரல் ஒன்றைத்தான் வைத்துக்கொடுத்தார்கள். அவரைவிட இளைய, செய்தி வாசிக்கிற மாதிரியான குரல். அது முதன்முதலில் "தண்ணீர் வேண்டும்" என்றபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று மனைவி அடுக்களையிலிருந்து வாசலுக்கு ஓடினாள். ஒருவரும் இல்லை. திரும்பி வந்து அவரைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெளியில வேணா இதை வச்சுக்கோங்க. வீட்டுல வேண்டாங்க. எழுதியே காட்டுங்க."

அவர் "சரி" என்று எழுதிக் காட்டினார்.

இப்போது அடுக்களையில் இருப்பவளிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், எழுதி எடுத்துக்கொண்டு எழுந்து போக வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படிக்க வேண்டும். பாதி நாள், போகட்டும் என்று பேனாவை மூடி வைத்துவிடுகிறார்.