அண்ணி குளிப்பாட்டிய கிடா

அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. மோட்டார் கொட்டகைத் தொட்டியோரம் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு அவர் கிடாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். குட்டியாக இருந்தபோது அதற்கு உண்ணி பிடித்தது. வேப்பெண்ணெய் தடவிக் குளிப்பாட்டினால் போகும் என்று யாரோ சொல்ல, ஆரம்பித்தார். உண்ணி போய்விட்டது, குளியல் மட்டும் நிற்கவில்லை. ஆடு என்றால் தண்ணீரைக் கண்டதும் தலைதெறிக்க ஓட வேண்டும். இது நலங்குக்கு உட்கார்ந்த மாப்பிள்ளைபோல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கும். சொம்பு சொம்பாக ஊற்றினாலும் அசையாது. எல்லாம் முடிந்த பிறகு அண்ணி இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு தட்டுத் தட்டி, "ம்... ஒதறுடா" என்பார். அப்போதுதான் மூக்கிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதறும். பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டு நிற்கும் என் சட்டையும் நனையும். "என் முதுகத் தேய்க்க இந்த வூட்ல ஒரு ஆளு இல்ல, ஆட்டுக்கு நடக்குது பாரு ராஜ உபசாரம்" என்று அண்ணன் வயலுக்குப் போகிற போக்கில் முனகிவிட்டுப் போவார்.

அந்தக் கிடா எனக்காக வளர்ந்த கிடா. நான் விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் பஸ் நடத்துநர். சொந்த ஊர் ஒலக்கூர்ப் பக்கம். அண்ணன் அங்கே நிலக்கடலையும் நெல்லும் பயிர் செய்கிறார். கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா இல்லாத வீடு. எனக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து வேலைக்குப் போன முதல் நாள் சாப்பாடு கட்டிக் கொடுத்ததுவரை எல்லாம் அவர்தான். எனக்குக் கல்யாணமாகாத அந்த நாளில் விழுப்புரத்தில் டெங்கு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தேன். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, இனி எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் கையை விரித்ததும், அண்ணி வராந்தாவில் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நின்று முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டாராம். பட்டியில் அப்போதுதான் பிறந்திருந்த கிடாக்குட்டியை வளர்த்துக் கொடுத்துவிடுகிறேன், பிள்ளையை விட்டுவிடு என்று. நான் பிழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தமும் மருந்தும்தான் என்னைப் பிழைக்க வைத்தன என்பது என் கட்சி. "டாக்டரும் பாத்தாருதான். நான் இல்லன்னு சொன்னனா? டாக்டருக்குப் புத்தி குடுத்தது யாரு?" என்பது அண்ணியின் கட்சி. இதில் நான் ஜெயித்ததே இல்லை.

சாமிக்கு விட்ட கிடாவுக்குக் காதில் லேசாக ஓர் அடையாளம் வெட்டிவிடுவார்கள். அது எவர் கொல்லையில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள், ஓட்டிவிடுவதோடு சரி. பேர் வைக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டதால் அண்ணி அதை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் வீட்டில் அந்த "டேய்"க்கு நானும் திரும்புவேன், அதுவும் திரும்பும். லீவுக்கு நான் ஊருக்குப் போனால் சிலசமயம் அதன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். அதற்கோ என் மேல் எந்த வருத்தமும் கிடையாது. என் பையில் வாழைப்பழம் இருக்கிறதா என்பதுதான் அதன் கவலை.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்தார்கள். ஏரிக்கரை ஓரம் வேப்பமரத்தடியில் எங்கள் முனீஸ்வரன். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. ஒரு பக்கம் பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் அடுப்பு மூட்டி அண்ணியும் மற்றப் பெண்களும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிடாவை அப்படியே வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது, ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். உதறாத ஆட்டின் மேல் கத்தி வைக்க மாட்டார்கள். ஆட்டைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுகிறோம் என்று எங்கள் ஜனங்கள் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பஸ்ஸில் கூட வேலை பார்ப்பவர்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். கிடா அசையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார். குடத்தோடு கவிழ்த்தார்கள். காதிலிருந்தும் தாடியிலிருந்தும் தண்ணீர் சொட்டச் சொட்ட, கழுத்து மாலையில் வாய்க்கு எட்டிய பூவை ஒவ்வொன்றாகக் கடித்துக்கொண்டு சுகமாக நின்றது. கூட்டத்தில் சத்தம் அடங்கி, முணுமுணுப்பு எழுந்தது. "வேண்டுதல்ல இன்னாவோ கொறை இருக்குது" என்றார் பூசாரி. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அவர் கிடாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முனீஸ்வரன் கிடாவை வேண்டாம் என்றால் எதை வேண்டும் என்கிறான் என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் சந்தோஷம். "வுட்டுடலாம்ணா. அதுக்கு இஷ்டமில்ல. பொங்கல் வெச்சிட்டுப் போயிடலாம்" என்றேன். "வாய மூடுறா, பேஜாரு பண்ணாத" என்று அண்ணன் சீறினார். அப்படிச் சீறியபோதே அவர் குரல் உடைந்துவிட்டது.

அந்தக் கிடா ஏன் உதறவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தோன்றவில்லை. மற்ற ஆடுகள் தண்ணீர் பட்ட அதிர்ச்சியில் உதறிவிடும். இதற்குத் தண்ணீர் என்றால் வெள்ளிக்கிழமை. குளியல் முடிந்தது என்று சொல்லும் கைக்காக அது காத்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் இருந்த அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பேசாமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும். ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்ததை அவரும் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். அவரைக் கண்டதும் கிடா வாலை ஆட்டியது. இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். பம்பைச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஒதறுடா."

உதறியது. எல்லார் மேலும் தண்ணீர் தெறித்தது. "உத்தரவு ஆயிடுச்சி!" என்று பூசாரி கத்தினார். அண்ணன் முனீஸ்வரன் எதிரே அப்படியே விழுந்து கும்பிட்டார். அண்ணி திரும்பிப் பார்க்காமல் அடுப்புக்குப் போய்விட்டார். என்னாலும் பார்க்க முடியவில்லை. ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவன்போல் கரைமேல் ஏறி நின்றுகொண்டேன்.

பந்தியில் முதல் இலை எனக்கு. அண்ணியே கொண்டுவந்து பரிமாறினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எதிரே நின்றுகொண்டு, "துன்னு தம்பி. உனுக்காகப் போன உசுரு. நீ துன்னாதான் அது கணக்குல சேரும்" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. வெங்காயத்தால் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: ருசியாக இருந்தது. பசி வேறு. தொண்டையில் அடைக்கும் என்று நினைத்தேன், அடைக்கவில்லை. அந்த ருசிக்காகத்தான் என்மேல் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அண்ணியும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, வயலில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "அது சம்மதிக்கலயே அண்ணி. குளிச்சி முடிச்சிட்டோம்னுதானே ஒதறுச்சி" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அண்ணி செடியைத் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டே இருந்தார். "தெரியும். சாமியையும் ஏமாத்தினேன், அதையும் ஏமாத்தினேன். உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். அடுத்த செடியைப் பிடுங்கிக்கொண்டே, "ஆடு வளக்கறத வுட்டுட்டேன். இருந்ததெல்லாம் வித்தாச்சி. கறிய வுடல. அத வுட்டா, செஞ்சது தப்புன்னு ஆயிடும் இல்ல?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பேச்சு அதோடு சரி.

கொஞ்ச காலம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டூட்டி முடிந்தால் பரோட்டா, ஆட்டுக்கால் பாயா என்று வழக்கம்போலத்தான் ஓடியது. கடைக்கறிக்கு முகம் கிடையாது. யாரும் அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் கேட்பதும் கிடையாது. பிறகு ஒரு மழை நாளில், மயிலம் கூட்டுரோட்டில் ஒருவர் நனைந்த ஆட்டோடு பஸ்ஸில் ஏறினார். ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறேன், அது என் காலடியில் நின்று ஓர் உதறு உதறியது. முகமெல்லாம் தண்ணீர். பஸ்ஸே சிரித்தது. நான் டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று இரவு ஓட்டலில் வாயில் வைத்த கறி உள்ளே போகவில்லை. அதற்குப் பிறகு விழுப்புரத்தில் நான் கறி தொடுவதில்லை. ஊருக்குப் போனால் மட்டும் சாப்பிடுவேன். அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, நன்றாகத் தெரியும்படி, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். நான் கறியை விட்டால் அவர் செய்த காரியத்துக்கு நான் தீர்ப்பு எழுதியதுபோல் ஆகிவிடும். உங்கள் கிடா வீணாகச் செத்தது என்று நான் எப்படி அவர் முகத்துக்கு நேரே சொல்வேன்? என்னைக் காப்பாற்றத்தான் அதைக் கொன்றார். நான் அதை நம்பவில்லை என்பது எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று இருந்தேன். தீபாவளிக்கும் பொங்கல் கழிந்த கரிநாளுக்கும் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அண்ணன், "கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் கறின்னா உசுரு" என்று சிரிப்பார்.

போன மாதம் அண்ணிக்குக் கண் புரை ஆபரேஷன். முடிந்து, விழுப்புரத்தில் என் வீட்டில் தங்கியிருந்தார். மகள் வெளியூரில் படிக்கிறாள். மனைவி அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் அண்ணியும்தான். வீட்டுக்கு வந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கவில்லை என்றால் ஏதாவது நினைத்துக்கொள்வார் என்று விடிந்ததும் போய் வரிசையில் நின்று, தொடைக்கறியாகப் பார்த்து வாங்கிவந்தேன். அண்ணி கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து வந்தார். புகையில் நிற்கக் கூடாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "உனுக்குப் புடிக்குமேடா, நானே ஆக்கறேன்" என்று குழம்பு வைத்தார். இரண்டு தட்டு போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம்.

கண்ணாடி போட்டிருக்கிறார், சரியாகத் தெரியாது என்ற தைரியத்தில், நான் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளி மேலே சோற்றை மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணி தட்டிலும் அதே கதை. கறிவேப்பிலைக்கு அடியில் துண்டுகள் ஒளிந்திருந்தன. அவர் வெறும் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணி, துன்னலையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் தட்டை உற்றுப் பார்த்தார். "நீ?" என்றார்.

மறைக்கத் தெரியவில்லை. "உங்களுக்காகத்தான் அண்ணி சாப்புட்டுக்கினு இருந்தேன். ரொம்ப வருசமா" என்றேன்.

"அடப்பாவி" என்றார். "நானும் உனுக்காகத்தாண்டா. ஏரிக்கரையில துன்ன அன்னிக்கே வூட்டுக்குப் போயி வாந்தி எடுத்தேன். நான் நிறுத்துனா, நம்மாலதான அண்ணி இப்படி ஆயிட்டாங்கன்னு உன் மனசு கஷ்டப்படுமேன்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த அண்ணி சட்டென்று நிறுத்தினார். அடுப்பின் மேல் மூடி வைத்திருந்த குழம்புச் சட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இது யாருக்காகத் தம்பி செத்துச்சி?" என்று கேட்டார்.