திருப்பிப் போட்ட வீடு

எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு கிடைத்த வேலை, கிடைத்த ஊர். ரொறன்ரோவில் நான் ஒரே இடத்தில் நிலைத்திருந்தது ஒரு பழைய செங்கல் வீட்டின் மேலறையில்தான். என் மனைவி அங்கேதான் இறந்தாள். அடுத்த வருடம் அந்த வீட்டை இடித்துக் கண்ணாடி மாடி எழுப்பினார்கள். நான் வின்னிபெக், கல்கரி என்று அலைந்து திரும்பி வந்தேன். அந்த அறையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

போன மாரியில், இடித்த அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்குள் உடைக்கிற வேலை வந்தது. கேட்டு வாங்கினேன். மேற்பார்க்க வந்த ஆர்க்கிடெக்ட் பெண்தான் சொன்னாள், விக்டோரியா ராணி காலத்தில் இடித்த வீட்டுக்கும் இதற்கும் படம் கீறியது ஏரிக்கு அக்கரையில் இருந்த ஓர் அமெரிக்கக் குடும்பம் என்று. தகப்பன் கீறுவாராம். ஒரு மகன் படியெடுப்பான், மற்றவன் கப்பலேறி வந்து கட்டுவதைப் பார்ப்பான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடு கேட்டால் புதிதாகக் கீறமாட்டார்கள். ஊடே தெரியும் மெல்லிய துணியில் இருந்த படத்தை மறுபுறம் திருப்பிப் போட்டுப் படியெடுத்தால் இரண்டாவது வீடு.

"அளவெல்லாம் ஒன்றுதான்" என்றாள். எனக்கு அதுதான் காதில் விழுந்தது.

மேலே ஏறினேன். அதே அறை, அதே உயரக் கூரை. இடது விலாவில் ஒப்பரேஷன் செய்தபின் என் மனைவியால் வலப்பக்கம் சரிந்துதான் படுக்க முடியும். அப்படிப் படுத்தால் யன்னல் முகத்துக்கு நேரே இருந்தது. கடைசி மாதங்களில் அவளுக்கு வெளி என்று இருந்தது அவ்வளவுதான். அவள் கிடந்ததுபோல் ஒருமுறை கிடந்து பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

எங்கள் அறையில் கட்டில் இருந்தது போலவே தெற்கே தலைவைத்து, வலப்பக்கம் சரிந்து படுத்தேன். முகத்துக்கு முன்னால் சுவர். யன்னல் முதுகுக்குப் பின்னால்.

"வாடகைக்கு வந்தனியோ, வேலைக்கு வந்தனியோ?" வாசலில் எங்கள் மேஸ்திரி நின்றார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர். விட்பியிலிருந்து தினமும் என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றி வருபவர்.

எதற்காகப் படுத்தேன் என்று சொன்னேன். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார்.

"தலைமாட்டை மற்றப் பக்கம் வைச்சுப் படன். யன்னல் முன்னுக்கு வரும்."

"அது வடக்கு, அண்ணை."

"வேதக்காரனிட்டை வந்து வடக்குக் கதை கதைக்கிறாய். வருத்தக்காரிக்கு வடக்கென்ன, தெற்கென்ன?"

"அவள் படுக்கமாட்டாள். ஆஸ்பத்திரியிலையே கட்டிலைத் திருப்பச் சொல்லி நிண்டவள்."

"திருப்பினவையோ?"

"ஓம். வயரெல்லாம் கழட்டி, திருப்பிப் பூட்டினவை."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இந்த அறையை நாளைக்கு விடுவம்" என்றார்.

"நாளைக்கும் யன்னல் உந்தப் பக்கம்தான் நிக்கும்."

எழுந்து முகமூடியை மாட்டினேன். யன்னல் சுவரின் பிளாஸ்டரை முதலில் கழற்றச் சொன்னார். அலவாங்கை எடுத்து அதிலேயே தொடங்கினேன்.